சிகரெட் கம்பெனி மேல் கேஸ் போடுவது எப்படி: ஒரு வக்கீல் குமாஸ்தா சொல்வது

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஃபைலோடு சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வந்து, "அப்பாவுக்கு நுரையீரல்ல புற்று, சிகரெட் கம்பெனி மேல கேஸ் போடணும்" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சிகரெட் வாங்கின பில் இருக்கா?" என்றுதான். கேலி இல்லை. நான் வக்கீல் இல்லை, குமாஸ்தா. கேஸ் கட்டைத் தயார் செய்வது என் வேலை. எதிர்த்தரப்பு எங்கே கை வைக்கும் என்பது கட்டைப் புரட்டும்போதே தெரிந்துவிடும்.

பெட்டிக்கடையில் ஒத்தை ஒத்தையாக வாங்கியதற்கு பில் ஏது? இருபது வயதில் ஒரு பிராண்ட், நாற்பதில் இன்னொன்று, கையில் காசில்லாத மாதம் பீடி. இதில் எந்தக் கம்பெனியை எதிர்மனுதாரர் ஆக்குவது? நுகர்வோர் கோர்ட் என்றால் இரண்டு வருஷக் கெடு வேறு. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை எச்சரிக்கவில்லை என்று உற்பத்தியாளரைப் பிடிக்க முடியாது. பாக்கெட்டில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போடச் சொன்னதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன கம்பெனிகளுக்கு, நஷ்டஈட்டு வழக்கில் அந்தப் படமே கேடயம். அதனால் அப்பாவின் ஃபைலை எடுத்துக்கொண்டு முதலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போங்கள். வழக்கு வேறு விஷயம்.

அமெரிக்காவிலும் தனி ஆள்கள் வருஷக்கணக்கில் தோற்றார்கள். "நீயாகத்தானே புகைத்தாய்" என்ற ஒரே பதிலில் கேஸ் முடிந்துவிடும். 1994இல் மிசிசிப்பி மாநில அட்டர்னி ஜெனரல் மைக் மூர் வாதியையே மாற்றினார். புகைத்தவர் கேட்கவில்லை, அரசாங்கம் கேட்டது: ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த செலவைக் கொடு. அரசாங்கத்தைப் பார்த்து "நீயாகத்தானே புகைத்தாய்" என்று சொல்ல முடியாதே! 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு நான்கு பெரிய கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. 25 வருஷத்தில் சுமார் 20,600 கோடி டாலர். விளம்பரத்தில் கார்ட்டூன் போடுவது நின்றது, தெருவோரப் பெரிய பலகைகள் இறங்கின. மினசோட்டா மாநிலம் தனியாகப் போட்ட வழக்கில் கம்பெனிகளின் உள்விவகாரக் காகிதங்கள் கோடிக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. என்னைக் கேட்டால் பணத்தைவிட அந்தக் காகிதங்கள்தான் பெரிய வெற்றி.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அது பொதுநல மனு. நீங்களும் அந்த வழியில் வாருங்கள். பணம் கேட்காமல், புகையிலைச் சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு கேளுங்கள். அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் சென்னை ஹைகோர்ட்டில் போடவேண்டும்.

அதற்குக் காகிதம் சேர்க்கவேண்டும். உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். 2003ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாது. அதாவது 91 மீட்டரும் கொஞ்சமும். மதில் சுவரின் வெளிப்பக்கத்திலிருந்து நேர்கோட்டில் அளக்கவேண்டும். தெரு வளைந்து போவதெல்லாம் கணக்கில்லை. சுவரும் கடையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி ஃபோட்டோ எடுங்கள். தயவுசெய்து சின்னப் பையனைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். கேஸும் கெடும், பையனும் கெடுவான்.

ஆனால் பெட்டிக்கடைக்காரர் மட்டும் நமக்குக் குறி இல்லை. அவருக்கு அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய், கட்டிவிட்டுப் போவார். கடையின் பலகையைப் பாருங்கள். 60க்கு 45 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? பிராண்ட் பெயரோ பாக்கெட் படமோ இருக்கிறதா? இருந்தால் அதே சட்டத்தின் விளம்பரத் தடையான 5ஆம் பிரிவு மீறல், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. பளபளப்பான அந்தப் பலகையைக் கடைக்காரர் சொந்தக் காசிலா மாட்டியிருப்பார்? கொடுத்தது யார் என்று விசாரித்தால் ஏஜென்சிக்குப் போகும், அங்கிருந்து கம்பெனிக்குப் போகும். கம்பெனியை எதிர்மனுதாரராக இழுக்க நூல் அதுதான்.

அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் மனு கொடுங்கள். ரசீது முக்கியம். போலீஸுக்கும் சுகாதாரத் துறைக்கும் பதிவுத் தபாலில் நகல். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) மனு: போன வருஷம் இந்த எல்லைக்குள் 5, 6 பிரிவுகளில் எத்தனை வழக்கு, எவ்வளவு அபராதம்? 30 நாளில் பதில் வரவேண்டும். பதில் வராவிட்டால் அதுவும் கட்டுக்குள் போகும். "மனு கொடுத்தீர்களா, என்ன ஆனது?" என்றுதான் ஹைகோர்ட்டில் முதல் கேள்வி வரும். தனக்கு இதில் சொந்த ஆதாயம் இல்லை என்று பிரமாணப் பத்திரமும் வேண்டும். எதிரே இன்னொரு சிகரெட் கடை வைத்திருப்பவர் மனுதாரராக வரவேண்டாம்.

ஹைகோர்ட் மனுவில் என்ன உத்தரவு வேண்டும் என்று கேட்கிற வேண்டுதல் பத்தியை எழுதும்போது பீடியை மறக்காதீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள். என் அம்மாவும் சுற்றியவர்தான், அந்தத் தூள் நெடியில்தான் நான் படித்தேன். "பீடித் தொழிலை மூடு" என்று மட்டும் எழுதினால் கம்பெனி வக்கீல் முதல் வாய்தாவிலேயே இந்தப் பெண்களை முன்னால் நிறுத்துவார். அவர்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சியும் நுரையீரல் பரிசோதனையும் அரசு தரவேண்டும் என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகல் வாங்கி, கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். நடவடிக்கை இல்லையென்றால் கோர்ட் அவமதிப்பு மனு போடலாம். அதற்குக் கெடு ஒரு வருஷம். தாண்டினால் போச்சு.