விராலடிப்பானையும் ஓங்கிலையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

"ஒரு வேட்டைப் பறவையையும் ஒரு கடல் பாலூட்டியையும் ஒப்பிடுக" என்று வீட்டுக்கு ஒரு செயல்திட்டம் வந்தது. கழுகையும் நீலத் திமிங்கிலத்தையும் எடுத்துக்கொண்டு 'இது பறக்கும், அது நீந்தும்' என்று எழுதினால் இரண்டு வரியில் சரக்கு தீர்ந்துவிடும். நாங்கள் செய்த விதம் இது.

1. ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடும் சோடியாகப் பிடியுங்கள். விராலடிப்பானும் (மீன் பிடிக்கும் வேட்டைப் பறவை, ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே) ஓங்கிலும் (டால்பின்தான்) மீன் தின்பவை. குளிர்காலத்தில் பழவேற்காட்டுப் பக்கம் போனால் விராலடிப்பானை நேரிலேயே பார்க்கலாம்.

2. வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான் போதும். கணினியில் உட்கார்ந்தால் கட்டங்களுக்கு வண்ணம் பூசுவதிலேயே சாயங்காலம் போய்விடும். தாளில் அட்டவணை போட்டு, இடது ஓரத்தில் வரிசைக்கு ஒன்றாகக் கேள்விகளை எழுதுங்கள்: இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது (ஒன்று கண்ணால், மற்றது பெரும்பாலும் எதிரொலியால்), எதால் பிடிக்கிறது, குட்டியை எப்படி வளர்க்கிறது.

3. எல்லாரும் சறுக்கும் இடம் கைகால் வரிசை. 'சிறகு, துடுப்பு, வேற்றுமை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கோழி இறக்கை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு எலும்பைக் கழுவி மேசையில் அடுக்குங்கள். மேலே ஒற்றை எலும்பு, அடுத்து இரண்டு, நுனியில் ஒட்டிப்போன விரல்கள். இப்போது ஓங்கிலின் பக்கத் துடுப்பு எலும்புப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள்: குட்டையான ஒன்று, தட்டையான இரண்டு, அப்புறம் வரிசையாக விரல் எலும்புகள். எலும்புகள் அமைந்த முறை அதேதான், அளவும் வடிவமும்தான் மாறியிருக்கின்றன. முதுகுத் துடுப்பை இதில் சேர்க்காதீர்கள், அதில் எலும்பே கிடையாது.

4. வேகம் எழுதினால் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது, அந்த வரிசையே வேண்டாம்.

5. கடைசி வரிசை நஞ்சு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாக விராலடிப்பானுக்குள் போய் முட்டை ஓட்டை மெலிதாக்கியது, அடைகாக்கும்போதே முட்டைகள் நொறுங்கின, அமெரிக்காவில் 1972-இல் தடை வந்தபிறகுதான் அந்தப் பறவைகள் மெல்ல மீண்டன. ஓங்கிலுக்கு முட்டை இல்லை. அதே நஞ்சு அதன் கொழுப்பில் தங்கி, பால் வழியாகக் குட்டிக்குப் போகிறது.

பின்சேர்க்கை: ஆவுளியாவை (கடல்பசு) வைத்துச் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். செய்யலாம், ஆனால் அது கடற்புல் மேய்வது, வேட்டை வரிசைகள் காலியாகிவிடும்.

இன்னொருவர், "எங்கள் வீடு சைவம், கோழி எலும்புக்கு எங்கே போவது?" என்றார். உங்கள் கையையே தடவிப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, அதற்குக் கீழே இரண்டு.