சென்னையில் புது சூப்பர்கார்: முதல் 1,500 கிலோமீட்டரும் இருங்காட்டுக்கோட்டையில் முதல் நாளும்

சென்னையில் ஒரு புது சூப்பர்கார் அடிவாங்குவது பெரும்பாலும் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான். வீட்டு வாசல் சாய்தளத்தில் மூக்கு இடிக்கும், தெருமுனை வேகத்தடையில் வயிறு தட்டும், கத்திப்பாரா ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் சூடாகும். நகருக்குள் கார்களுக்கான வரம்பு 60 கி.மீ. அந்த வேகத்தை இந்தக் கார்களில் பல முதல் கியரிலேயே தொட்டுவிடும். அதனால் சாலையில் கற்க வேண்டியது வண்டியின் உயரம், அகலம், சூடு இந்த மூன்றும்தான். பிரேக்கும் டயரும் எப்படிப்பட்டவை என்பது டிராக்குக்குப் போனால்தான் தெரியும்.

டெலிவரிக்கு முன்பே வாசலை அளந்துவிடுங்கள்

முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மூக்கு நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கும். மூக்கு தரையிலிருந்து 11 செ.மீ. உயரத்தில் இருந்தால், மீட்டருக்கு 11 செ.மீ.க்கு மேல் ஏறும் எந்தச் சாய்தளத்திலும் அது இடிக்கும். மூக்கைத் தூக்கும் லிஃப்ட் பெரும்பாலான கார்களில் 4 செ.மீ. அளவுக்குத் தூக்கும், அப்போது 15 செ.மீ. வரை சமாளிக்கலாம். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் சரிவு எட்டுக்கு ஒன்று என்றால் மீட்டருக்கு 12.5 செ.மீ. ஏறுகிறது. லிஃப்ட் போட மறந்த அன்று மூக்கு போய்விடும்.

வயிற்றுக்குத் தனிச் சோதனை வேண்டும். முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் உள்ள தூரத்தை, பொதுவாக 2.6 முதல் 2.7 மீட்டர், கையேட்டில் பாருங்கள். அதே நீளத்தில் நேரான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் 11 செ.மீ. உயரக் கட்டை அடித்துத் தரச் சொல்லுங்கள். அதைச் சாய்தளம் முடியும் மேட்டிலும் உங்கள் தெரு வேகத்தடை மேலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சட்டத்தின் நடு எங்கே தட்டுகிறதோ அங்கே காரின் வயிறும் தட்டும். ஒரு தச்சருக்கு அரைமணி நேர வேலை. கார்பன் ஃபைபர் அடித்தட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது செலவே இல்லை.

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வட்டமான மேடு. அப்படிப்பட்டதில் எந்தக் காரும் தட்டாது. தெருக்காரர்களே சிமெண்ட் கொட்டிப் போட்ட குட்டையான, செங்குத்தான மேடுதான் ஆபத்து. முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இன்னும் ஏறாத நேரத்தில் அது சரியாக வயிற்றுக்கு அடியில் வந்து நிற்கும்.

கடக்கும் முறை இது. இருபது மீட்டர் முன்பே லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். மூக்கு மேலேற சில விநாடிகள் பிடிக்கும். நடை வேகத்துக்கு வாருங்கள். டயர் மேட்டைத் தொடும் முன் பிரேக்கிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் எடை முன்னால் சாய்ந்து மூக்கு அமுங்கும், லிஃப்ட் கொடுத்த உயரத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். இடம் இருந்தால் குறுக்காக ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் மேட்டில் இருக்கும். இறங்கும்போதும் பிரேக் வேண்டாம். சில கார்களில் லிஃப்ட் போட்ட இடத்தை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைக்கும் வசதி உண்டு. முதல் வாரமே உங்கள் வழக்கமான வழி முழுவதையும் அதில் ஏற்றிவிடுங்கள்.

மாதம் ஒருமுறை செல்போனை வீடியோவில் போட்டு மூக்குக்கு அடியில் நீட்டிப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையில் வெள்ளைக் கீறல்கள் இருந்தால் கவலை இல்லை, அது தேய்வதற்கென்றே வைத்த பாகம். கீறல் கார்பன் வரை போயிருந்தாலோ, திருகு தலை தேய்ந்து தட்டையாகியிருந்தாலோ உடனே கவனியுங்கள். அடித்தட்டு ஒரு பக்கம் தொங்கினால் அடுத்த மேட்டில் பிய்ந்து வந்துவிடும்.

ரன்னிங்-இன்

புது இன்ஜினை அளவாக ஓட்டிப் பழக்குவதுதான் ரன்னிங்-இன். எத்தனை கி.மீ. என்பது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும். பெரும்பாலும் 1,000 முதல் 1,500 கி.மீ. வரை இன்ஜின் சுழலும் வேகத்துக்கு (ஆர்.பி.எம்.) வரம்பு சொல்லியிருப்பார்கள். உங்கள் கையேட்டில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. அதிக ஆர்.பி.எம். கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மிகக் குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை ஆழ மிதிப்பதும் அதே அளவு கெடுதல் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆட்டோ மோடில் விட்டால் கியர்பாக்ஸ் எரிபொருள் மிச்சம் பிடிக்க 60 கி.மீ. வேகத்திலேயே மேல் கியர்களுக்கு ஏறிவிடும். அங்கே மிதித்தால் இன்ஜின் திணறும். மேனுவல் மோடில் மூன்றாவது, நான்காவது கியரில் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள்.

இதற்கு ஏற்ற இடம் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, ஞாயிறு விடியற்காலையில். ஈசிஆரும் நல்லதுதான், ஆனால் கோவளம் பக்கம் சாலையோரம் படிந்த கடல் மணல், குறுக்கே வரும் நாய்கள், போலீஸ் தடுப்புகள் மூன்றையும் எதிர்பார்த்தே போங்கள்.

ஆயில் 80 டிகிரி செல்சியஸ் தொடும் வரை பாதி ஆர்.பி.எம்.மைத் தாண்டாதீர்கள். தண்ணீர் முள் சீக்கிரம் ஏறிவிடும், ஆயில் பின்னால்தான் வரும். ஹைபிரிட் சூப்பர்காரில் இன்னொரு பொறி இருக்கிறது: தெருவிலிருந்து மின்சாரத்திலேயே சத்தமில்லாமல் கிளம்பி, ஓஎம்ஆரில் மிதித்ததும் இன்ஜின் எழும். அதுவரை அது ஓடவே இல்லை, ஆயில் ஜில்லென்று இருக்கும்.

ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் ட்ரை சம்ப் இன்ஜினில் காலையில் ஆயில் அளவு பார்த்து, குறைவு என்று ஊற்றிவிடாதீர்கள். ஆயில் தொட்டிக்குத் திரும்பியிருக்காது. நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பார்ப்பதுதான் இவற்றில் வழக்கமான முறை. அதிகமாக ஊற்றிய ஆயில் காற்றுக்குழாய்க்குள் போய்ப் புகையும்.

புது டயர் முதல் 200, 300 கி.மீ. வரை வழுக்கும், அச்சிலிருந்து ஒட்டி வந்த பூச்சு தேய்ந்து போக வேண்டும். பிரேக்கும் அப்படித்தான். அவசரமில்லாமல் 100-லிருந்து 30 வரை நடுத்தரமாக எட்டுப் பத்து முறை குறைத்து, நடுவே முழுதாக நிறுத்தாமல், பிறகு ஐந்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். இரும்பு டிஸ்க்குக்கு இது போதும். கார்பன் செராமிக்குக்குக் கையேட்டில் தனி முறை இருக்கும்.

நெரிசலும் மழையும்

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்து பாதி வழுக்கியபடி ஓடுகிறது. சூடு அங்கேதான் பிறக்கிறது. முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழும் வரை நில்லுங்கள், பிறகு கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகத்தில் நகர்ந்து மறுபடி நில்லுங்கள். அந்த இடைவெளியில் பைக்குகள் நுழையும், நுழையட்டும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது, அதற்குப் பிரேக் இருக்கிறது.

முன் பம்பரின் இரு ஓரத் துளைகளுக்குள் ரேடியேட்டர்கள் இருக்கின்றன. 1,000 கி.மீ.க்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். வலைக்குப் பின்னால் கீழ் மூலையில் சருகும் மணலும் சிப்ஸ் பாக்கெட் துண்டும் சேர்ந்து கெட்டியாக உட்கார்ந்திருக்கும். மென்மையான பிரஷ், குறைந்த அழுத்தத் தண்ணீர் போதும். பிரஷர் வாஷர் அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைபட்டுவிடும்.

பெட்ரோல்: மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் குறைந்தபட்ச ஆக்டேனும் எத்தனால் அளவும் எழுதியிருக்கும். பங்கில் கிடைக்கும் சாதா பெட்ரோல் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்தது. ஸ்டிக்கர் 10 சதவீதம் என்று சொன்னால் எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் பங்கைத் தேடி, அதில் எத்தனால் எவ்வளவு என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகள் பக்கமே போக வேண்டாம். இந்தக் கார்களில் காற்று உள்ளே போகும் வழி பக்கவாட்டில், தாழ்வாக இருப்பது சகஜம். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஃப்ளாட்பெட் வண்டியை வரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போதே இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறார்கள். பேஸ்மெண்டில் கார் வைத்திருப்பவர்கள் மேடான இடம் ஒன்றை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

டிராக்குக்குப் போகும் முன்

இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சர்க்யூட் 3.717 கி.மீ., 12 திருப்பங்கள். நகரத்திலிருந்து பூந்தமல்லி வழியாக ஒரு மணி நேரப் பயணம். இவ்வளவு பக்கத்தில் ஒரு முழு சர்க்யூட் இருப்பது நமக்கு வாய்த்த கொடுப்பினை.

முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சாதாரண மோட்டார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்குக் கவர் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். சுவரில் இடித்தால் செலவு உங்களுடையது. வாரண்டி நிபந்தனையையும் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரன்னிங்-இன் முடியாமல் டிராக்குக்குப் போகவே கூடாது.

அடுத்து பிரேக் ஆயில். செராமிக் டிஸ்க் மிக அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் அந்தச் சூடு கேலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) வழியாக ஆயிலுக்கு இறங்கும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரிதான் குறைந்தபட்சம். கார் கப்பலிலும் ஷோரூமிலும் மாதக்கணக்கில் நின்றிருக்கலாம், சென்னைக் காற்றின் ஈரமோ சொல்லவே வேண்டாம். உற்பத்தியாளர் அனுமதிக்கும், 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள்.

பிறகு சக்கர போல்ட்டை, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டு அளவுக்கு முறுக்குங்கள். இழுக்கும் கொக்கியைத் திருகி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். காரிலிருந்து தரைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், பிள்ளையார் சிலை வரை எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போன ஒரு பாட்டில் போதும். பெட்ரோல் பாதிக்கு மேல் இருக்கட்டும், நீண்ட திருப்பத்தில் குறைந்த பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப்புக்குக் கிடைக்காது. டிராக்கில் லிட்டருக்கு இரண்டு கி.மீ. கிடைப்பதே கஷ்டம்.

டிராக்கில்

காலை முதல் செஷனைக் கேட்டு வாங்குங்கள். வெயில் ஏறினால் டர்போ இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றும் சூடாகி, கணினி தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். முதல் செஷனில் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (வண்டி சறுக்காமல் கணினி பிடிக்கும் வசதி) முழுதாக இயங்கட்டும். இரண்டு சுற்று மெதுவாகப் போய் கொடி காட்டுபவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு மூன்று, நான்கு சுற்று வேகம், ஒரு சுற்று ஆறவிடுவது. அதோடு உள்ளே வந்துவிடுங்கள்.

பிரேக் பெடலைக் காலால் படியுங்கள். நேர்சாலை முடிவில் பெடல் முன்னைவிட ஆழம் போகிறது, பஞ்சு போல மெத்தென்றும் இருக்கிறது என்றால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. இரண்டுக்கும் உடனடி மருந்து மெதுவாக ஓட்டி ஆறவிடுவதுதான், ஆனால் முதலாவது வந்தால் ஆயிலை மாற்றாமல் அன்று மறுபடி வேகமாகப் போகக் கூடாது.

பிட்டுக்கு (டிராக் ஓரம் கார் நிறுத்தும் இடம்) வந்ததும் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் அழுத்திக்கொண்டே நின்றால் அந்த இடத்தில் பேட் பொருள் ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வண்டி அதிரும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சில கார்களில் இன்ஜினை அணைத்ததும் அந்தப் பிரேக் தானாகவே விழும். அதை நிறுத்தும் வழியை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வாருங்கள்.

டயர் காற்றில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். காலை 28 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர், உள்ளே 80 டிகிரி ஆனால் 41 வரை ஏறும். அதனால் கையேட்டின் டிராக் அளவில் தொடங்கி, ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சூட்டிலேயே அளந்து, குறித்த சூட்டு அளவுக்கு இறக்குங்கள். உங்கள் சொந்த கேஜையே எப்போதும் பயன்படுத்துங்கள். டயரின் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். உரசல் அந்தக் குறியைத் தாண்டிப் பக்கச்சுவருக்கு இறங்கியிருந்தால் காற்று குறைவு, அல்லது திருப்பத்தில் ஸ்டீயரிங்கை அளவுக்கு மீறி ஒடிக்கிறீர்கள். குறிக்கு வெகு முன்பே நின்றிருந்தால் காற்று அதிகம்.

கிளம்பும் முன் காற்றை மறுபடி அடிக்க மறக்காதீர்கள். சூட்டில் 33-க்கு இறக்கிய டயர் மறுநாள் காலை 26-க்கு வந்து நிற்கும், அந்த நிலையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளையும். காரிலேயே ஒரு சிறிய பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கிலிருந்து வெளியே வந்ததும் கண்ணுக்கு 80 கி.மீ. வேகம் நடப்பது போலத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் திரும்பிக்கொண்டிருக்கும், ஸ்பீடோமீட்டரைப் பார்த்தே ஓட்டுங்கள்.

மறுநாள் காலை, வண்டி முழுதாகக் குளிர்ந்த பிறகு, போல்ட் டார்க்கையும் டயர் காற்றையும் மறுபடி பாருங்கள். பேட் தடிமனை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். செராமிக் டிஸ்க்கின் ஓரத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ரிம் இடித்துச் சில்லு பெயர்ந்திருந்தால் விரலுக்குத்தான் முதலில் தெரியும்.