மலைப் பள்ளியின் பழைய மாணவர் வாழ்க்கைப் பதிவேட்டைத் தொகுப்பது எப்படி?

ஒரு பள்ளியில் படித்து வெளியேறியவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்பதை ஆண்டுவாரியாகத் தொகுத்து அச்சிடும் வழக்கம், இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. ரக்பி, செல்ட்னம், ஹெய்லிபரி போன்ற பள்ளிகளின் பதிவேடுகளில் ஒவ்வொரு மாணவருக்கும் சில வரிகள்தாம் ஒதுக்கப்பட்டிருக்கும். பிறந்த நாள், தந்தையின் பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, ஏற்ற பணி, மறைந்த இடம் ஆகியவை மட்டுமே அவற்றில் இருக்கும்; புகழுரை இராது. அதே மரபில் தோன்றிய பள்ளிகள் நம் மலைகளிலும் உள்ளன. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இலும், உதகையின் பிரீக்ஸ் நினைவுப் பள்ளி 1874இலும், ஹெப்ரான் 1899இலும், கொடைக்கானலின் ஹைகிளர்க் பள்ளி 1901இலும் தொடங்கப்பட்டவை. ஆயினும் நம் ஊர்ப் பள்ளிகள் பெரும்பாலும் விழா மலர்களையே வெளியிடுகின்றன. நீதிபதியும் தளபதியும் படத்தோடு இடம்பெறும் அம்மலர்களில், தந்தி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவரும் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவரும் காணாமற்போகிறார்கள். பழைய மாணவர் சங்கத்தினரோ, ஆசிரியரோ, உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ளவரோ ஒரு பள்ளிக்கான முழுமையான பதிவேட்டைத் தொகுக்க விரும்பினால், எல்லா மாணவருக்கும் ஒரே அளவு இடம் என்ற விதியை முதலில் வகுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

வேலையின் முதுகெலும்பு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. புகழ்பெற்றவர்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு அவர்கள் இங்கே படித்தார்களா என்று தேடுவது தலைகீழான வழி. ‘அவரும் நம் பள்ளிதான்’ என்று செவிவழியாக வரும் கூற்றுகளில் பல, அண்ணன் படித்ததைத் தம்பி மேல் ஏற்றியவையாகவோ, பக்கத்துப் பள்ளியில் படித்தவரை நம் பள்ளிக்கு இழுத்தவையாகவோ இருப்பதுண்டு. ஆகவே தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டைகள், கட்டணப் பேரேடு, விடுதிப் பதிவேடு ஆகியவற்றை முதலில் பார்வையிட வேண்டும். மலைக்காற்றின் ஈரத்தால் பழைய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரிக்க முயலாமல் ஆவணப் பாதுகாப்பு அறிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது. உறைபனி விழும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பகல் காற்று வறண்டிருப்பதால் படமெடுக்க அதுவே ஏற்ற பருவம். ஃபிளாஷ் இல்லாமல், சன்னல் வெளிச்சத்தில், பக்க எண்ணும் ஓரக்குறிப்புகளும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். தேவையான வரியை மட்டும் எடுத்துவந்தால், அதன் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த ‘தந்தை மறைவு, கட்டண விலக்கு’ என்பது போன்ற குறிப்பு தப்பிவிடும்.

அடுத்து, பெயர்களைத் தேடுமுன் ஊர்ப்பெயர்களையும் ஆட்சி எல்லைகளையும் புரிந்துகொள்ள வேண்டும். நீலகிரி தனி நிர்வாகமாகப் பிரிக்கப்பட்டது 1868இல். அதன் முதல் ஆணையரே பிரீக்ஸ் பள்ளிக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். அதற்கு முந்தைய ஆவணங்களைக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். வெலிங்டன் என்ற இராணுவக் குடியிருப்பு முன்பு ஜக்கத்தளா என்று அழைக்கப்பட்டது. தந்தை படைவீரராக இருந்த மாணவர்களின் பிறப்பிடம் பழைய ஏடுகளில் அப்பெயரிலேயே காணப்படும். கொடைக்கானலோ 1985இல் திண்டுக்கல் மாவட்டம் உருவாகும் வரை மதுரையைச் சேர்ந்திருந்தது. பள்ளிகளின் பெயர்களும் இவ்வாறே மாறியிருக்கின்றன. லவ்டேல் பள்ளி, 1857 லக்னோ முற்றுகையில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாகப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘லாரன்ஸ் அசைலம்’ (ஆதரவற்றோர் இல்லம்). பின்னர் அது இராணுவப் பள்ளி என்ற பெயரைத் தாங்கி, விடுதலைக்குப் பின் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தது. எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் 1789 முதல் நடத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ‘மெட்ராஸ் முறை’க்குப் பெயர்பெற்ற ஆண் அனாதை இல்லமும் 1870களின் தொடக்கத்தில் இதனோடு இணைந்தது. எனவே ஒரு மாணவர் சென்னையில் சேர்ந்து லவ்டேலில் விலகியிருக்கலாம். அவரை இரண்டு ஆட்களாக எண்ணிவிடக் கூடாது.

இனி, பள்ளியை விட்டபின் அவர்கள் போன வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலைப் பள்ளிகளில் படித்த ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் பெருமளவில் ரயில்வே, தந்தி, சுங்கம், காவல், படை, செவிலியர் பணி ஆகியவற்றுக்கே சென்றார்கள். இவர்களைத் தேட மிகப் பயனுள்ள கருவி, சென்னையில் ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் பிரஸ் பஞ்சாங்கம். பெயர் பஞ்சாங்கமானாலும் உண்மையில் அது அலுவலகங்கள், நிறுவனங்கள், தோட்டங்கள், குடியிருப்போர் ஆகியோரின் தகவல்களைத் தாங்கிய தடித்த விவரத்திரட்டு. அதை அச்சிட்டது மேலே சொன்ன அனாதை இல்லத்தின் அச்சகமேதான். ஒரே பெயரை அடுத்தடுத்த ஆண்டுகளின் பதிப்புகளில் தொடர்ந்து பார்த்தால், ஒருவர் எழுத்தராகச் சேர்ந்து, திருச்சிராப்பள்ளிக்கு மாற்றலாகி, பதவி உயர்ந்து, ஓய்வுபெற்று மறைந்த கதை தானாகவே விரியும். இவ்வகை ஏடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பழம்பெரும் நூலகங்களிலும், பொதுவெளியில் உள்ள இணைய நூலகங்களிலும் கிடைக்கின்றன. அரசுப் பணியில் உயர்ந்தவர்களுக்கு மாகாண அரசிதழும் பதவிப் பட்டியல்களும் உதவும். பட்டம் பெற்றவர்களுக்கு 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கையேடுகள் உதவும்.

தேயிலை, காபித் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் தடம் வேறு. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமாகிய ‘உபாசி’ 1893இல் தோன்றியது. இன்று அது குன்னூரில் இயங்குகிறது. சங்கத்தின் இதழிலும் அறிக்கைகளிலும் துரைமார்களின் பெயர்களே மிகுதி. கணக்குப்பிள்ளை, கண்டக்டர் (தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்), டீமேக்கர் போன்ற பணிகளில் இருந்த நம் மாணவர்களை அங்கே தேடி அலைவதைவிட, தோட்ட அலுவலகத்தின் சம்பளப் பேரேட்டையும் ஓய்வுபெற்ற பணியாளர்களின் நினைவையும் நாடுவதே பலன் தரும். அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்தியின் ஊசித் தொழிற்சாலை, உதகையில் பின்னாளில் இயங்கிய ஃபிலிம் தொழிற்சாலை ஆகியவையும் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை தந்த இடங்கள். இருபதாம் நூற்றாண்டு மாணவர்களுக்கு இவற்றை விட்டுவிடலாகாது.

தேவாலய ஏடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் பிறந்த நாளும் தந்தையின் தொழிலும், திருமணப் பதிவில் வயதும் தந்தையின் பெயரும், அடக்கப் பதிவில் வயதும் பல சமயம் மரணக் காரணமும் குறிக்கப்பட்டிருக்கும். மூலம் அந்தந்த ஆலயத்தில் இருக்க, அதன் படி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. சென்னை மாகாணத்துப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (லண்டனில் இந்திய ஆட்சியைக் கவனித்த அலுவலகம்) ஆவணங்களில் ‘என்/2’ என்ற வரிசையில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றுக்கான சங்கமான ஃபிபிஸ், பெயர் கொண்டு தேடும் இலவசத் தரவுத்தளம் ஒன்றை நடத்துகிறது. பெண்களைத் தேட இதைவிடச் சிறந்த வழி இல்லை. திருமணத்தால் குடும்பப் பெயர் மாறிவிடுவதாலேயே பழைய பதிவேடுகளில் மாணவிகளின் வாழ்க்கை ‘திருமணமானவர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. திருமணப் பதிவில் கணவர் பெயரைக் கண்டுபிடித்து அங்கிருந்து முன்னோக்கிச் சென்றால், ஆசிரியையாகவோ தாதியாகவோ பல்லாண்டுகள் உழைத்தவர் வெளிப்படுவார்.

கல்லறைகளும் ஆவணங்களே. உதகையின் புனித ஸ்டீபன் ஆலயத் தோட்டத்தையும் குன்னூரின் டைகர் ஹில் கல்லறையையும் பார்க்கும்போது கல்வெட்டை அப்படியே, வரி மாறாமல், எழுத்துப் பிழையோடு படியெடுக்க வேண்டும். சுண்ணாம்போ பொடியோ தடவி எழுத்தைத் தெளிவாக்கும் பழக்கம் கல்லைக் கெடுக்கும், பக்கவாட்டில் விழும் காலை வெயிலே போதும். போரில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் பெற்றோர் பெயரும் ஊரும் பல நேரங்களில் கிடைக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சிப்பாய்களாக இருந்தவர்களின் பணிக் கோப்புகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், கோப்பு கிடைக்கவில்லை என்பதற்காக அவர் படையில் சேரவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இந்தியப் படை அதிகாரிகளின் கோப்புகள் வேறிடத்தில், பிரிட்டிஷ் நூலகத்தில், இருக்கின்றன.

ஹைகிளர்க் பள்ளியைத் தொகுப்பவர் இந்த வழிகளை அப்படியே பின்பற்றினால் ஏமாறுவார். அது அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி. அதன் மாணவர்கள் லண்டனை அல்ல, அமெரிக்கக் கல்லூரிகளை நோக்கியே சென்றார்கள். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் தலைமை அமைப்பு விட்டுச்சென்ற ஆவணங்கள் ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் உள்ளன. பெற்றோரின் பணிக்கோப்பைப் பிடித்தால் பிள்ளைகளின் பெயர்கள் வந்துவிடும்.

இந்திய மாணவர்களிடம் வரும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. படுகர் குடும்பங்களில் ராமன், போஜன், ஜோகி, நஞ்சன் போன்ற பெயர்கள் தலைமுறைதோறும் திரும்ப வருவன. முதலெழுத்து மட்டும் போட்ட ‘பி. ஜோகி’ எந்த ஹட்டியைச் (படுகர் ஊரைச்) சேர்ந்தவர் என்று சேர்க்கைப் பதிவேட்டின் முகவரிக் கட்டத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. முகவரியும் இல்லையென்றால் அந்த ஹட்டியின் பெரியவர்களை நேரில் கண்டு, ‘ஐயா, உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போனவர்கள் யார்?’ என்று பொதுவாகக் கேட்டுத் தொடங்குவது நல்லது. பெயரைச் சொல்லி ‘ஆமாம்தானே?’ என்று கேட்டால், வந்தவர் மனம் கோணக் கூடாதென்றே பலரும் ஆமோதித்துவிடுவார்கள்.

ஒரே பெயரில் இருவர் இருப்பது ஆங்கிலப் பெயர்களிலும் உண்டு என்பதால், ஓர் ஆவணத்தை ஒரு மாணவரோடு இணைப்பதற்குப் பெயர் மட்டும் போதாது. பிறந்த ஆண்டு, தந்தையின் பெயர் அல்லது தொழில், பிறந்த இடம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் பொருந்த வேண்டும். பொருந்தாதவற்றை அழித்துவிடாமல் ‘இவராக இருக்கலாம்’ என்ற தனிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். குழுப் புகைப்படங்களின் காலத்தைக் கணிக்க அட்டையில் உள்ள ஸ்டுடியோ முத்திரை உதவும். எடுத்துக்காட்டாக, உதகையில் ஏ. டி. டபிள்யூ. பென் நடத்திய ஸ்டுடியோவின் முத்திரை இருந்தால், படம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியையோ அதை அடுத்த சில ஆண்டுகளையோ சேர்ந்தது என்று கொள்ளலாம்.

பதிவை எழுதும் முறைக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ‘பிறப்பு 1891, வெலிங்டன், தந்தை படைச் சார்ஜென்ட், சேர்க்கை 1900, விலகல் 1907, தந்தித் துறைப் பயிற்சியாளர், 1915 முதல் 1919 வரை படைப்பணி, தந்தி மாஸ்டர், மதுரை, மணம் 1921, 1947க்குப் பின் தகவல் இல்லை.’ இறுதியில் உள்ள ‘தகவல் இல்லை’ என்பதை நீக்கிவிட்டு ‘ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்திருக்கலாம்’ என்று ஊகம் எழுதும் ஆசை எழும். விடுதலைக்குப் பின் பல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றது உண்மைதான். ஆனால் பலர் சென்றது இவர் சென்றதற்குச் சான்றாகாது. கப்பல் பயணிகள் பட்டியலிலோ குடியுரிமை ஆவணத்திலோ பெயர் கிடைத்தால் மட்டுமே எழுத வேண்டும்.

உயிரோடு இருப்பவர்களைப் பொறுத்தவரை கட்டுப்பாடு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள சாதி, சமயம், கட்டணச் சலுகை, ஒழுக்கக் குறிப்பு ஆகியவை எதையும் அச்சிடக் கூடாது. பெயர், பயின்ற ஆண்டுகள், தொழில் ஆகியவற்றைக்கூட அவர் எழுத்தில் இசைவு தந்தபின்பே சேர்க்க வேண்டும். மறைந்தவர்களிலும், அனாதையாகச் சேர்க்கப்பட்டவரின் பிறப்பைப் பற்றிய குறிப்பு குடும்பத்தார் அறியாததாக இருக்கக்கூடும். வாரிசுகள் தெரிந்தால் அவர்களிடம் முதலில் காட்டிவிட்டு முடிவெடுப்பது பண்பு.

நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பள்ளி முழுவதையும் ஒரே மூச்சில் தொகுக்க முயன்றால் வேலை பாதியில் நின்றுவிடும். பத்து ஆண்டுச் சேர்க்கையை ஒரு பகுதியாகக் கொண்டு, சேர்ந்த ஆண்டு வரிசையில் அடுக்கி, கடைசியில் அகரவரிசைப் பெயர்க் குறிப்பும் திருத்தங்களுக்கான வெற்றுப் பக்கங்களும் வைத்து முதல் பகுதியை வெளியிடலாம். ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற சிறு குறியீடு இருந்தால், பின்னால் வருபவர் அதே ஏட்டை மீண்டும் புரட்ட வேண்டியிராது. அச்சானதும் ஒரு படியைப் பள்ளி நூலகத்திலும், ஒரு படியை 1859இல் தொடங்கிய உதகை நீலகிரி நூலகத்திலும், ஒரு படியைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் சேர்ப்பித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டுகளை அடுத்த பகுதியைத் தொகுக்கப் போகிறவரின் கோப்பில் வைத்துவிட வேண்டும்.