குறைமாதக் குழந்தையைத் தந்தை வரவேற்பது எப்படி?

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குச் சென்ற மனைவிக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டுவிட்டது என்று அழைப்பு வந்தால், எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில் பிரசவம் நடப்பதே நல்லது. பிறந்த பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அங்கே சேர்ப்பது பாதுகாப்பானது. 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே எத்தனையாவது வாரம் என்பதைச் சொல்லிவிடுங்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பெரியவர்களைக் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று நேரத்தைக் கடத்த வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குழந்தையை முதலில் பார்க்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். மெல்லிய சிவந்த தோலும், முதுகில் பூனைமயிரும், உள்ளங்கையளவு முகமுமாகக் குழந்தை இருக்கும். நெஞ்சில் ஒட்டியிருப்பவை இதயத் துடிப்பைக் காட்டுவன. பாதத்தில் சிவப்பாக ஒளிர்வது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளப்பது. கருவி ஒலிக்கும்போதெல்லாம் பதற வேண்டாம், ஒட்டியது நழுவினாலும் அது ஒலிக்கும். மோதிரம், கடிகாரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பின், செவிலியரிடம் கேட்டுக்கொண்டு தொடுங்கள். வருடிக் கொடுப்பது இத்தனை சிறிய குழந்தைக்கு எரிச்சலூட்டும். ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடக்கிய கால்களிலும் அசையாமல் வைத்திருங்கள். மெல்லப் பேசுங்கள், அதற்குக் காது கேட்கும்.

அடுத்த வேலை பால். அறுவை சிகிச்சை முடிந்து வேறொரு தளத்தில் படுத்திருக்கும் தாய்க்குக் குழந்தையின் முகமே தெரியாது என்பதால், அனுமதி பெற்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். முதலில் சுரக்கும் சீம்பால் சில சொட்டுகளே இருந்தாலும் அது மருந்துக்கு நிகர். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். கொதிக்க வைத்த கிண்ணத்தைத் தருவதும், பெயரும் நேரமும் எழுதி ஒட்டுவதும், சூடு ஏறாமல் கொண்டு சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு. சப்பி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றிணைக்கும் திறன் ஏறத்தாழ 34-ஆவது வாரத்தில்தான் வரும். அதுவரை குழாய் வழியாகவும், பிறகு மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையிலும் புகட்டுவார்கள். தாய்க்குப் பால் போதாதபோது தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், பவுடர் பாலுக்கு அவசரப்படாதீர்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிகளின் பற்றாக்குறையால் தொடங்கப்பட்டது கங்காரு பராமரிப்பு, அதாவது குழந்தையைத் தோலோடு தோல் சேர மார்பில் அணைத்து வைத்திருப்பது. அதை உலக சுகாதார நிறுவனம் இன்று எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கிறது. தாய் எழுந்து வர முடியாத நாட்களில் அதைத் தந்தை செய்யலாம், செய்ய வேண்டும். குளித்துவிட்டு, வாசனைத் திரவியம் எதுவும் பூசாமல், முன்பக்கம் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டை அணிந்து செல்லுங்கள். புகைபிடிப்பவர் என்றால் அன்றோடு விட்டுவிடுங்கள். சாய்வு நாற்காலியில் அமர்ந்ததும், அணையாடையும் குல்லாவும் காலுறையும் மட்டுமே அணிந்த குழந்தையைச் செவிலியர் உங்கள் வெற்று மார்பின் நடுவே நிமிர்த்தி வைப்பார். கைகளும் கால்களும் தவளையைப் போல மடங்கியிருக்க வேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து மடங்காமல், மூக்கும் வாயும் மூடப்படாமல் இருக்க வேண்டும். மேலே துணியால் அணைத்துக் கட்டுவார்கள். ஒரு முறைக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது அமருங்கள், கைப்பேசியைத் தொடாதீர்கள். உங்கள் உடற்சூட்டில் அதன் உடல் குளிராமல் இருக்கும், மூச்சு சீராகும், எடையும் ஏறும். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ உடனே செவிலியரை அழையுங்கள்.

உறவினர்களைச் சமாளிப்பதும் உங்கள் வேலையே. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்ற பேச்சைத் தாயின் காதுக்குப் போகவிடாதீர்கள். அது உண்மையும் அன்று, வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமையே. சேனை வைப்பது, கழுதைப்பால், வசம்பு, சாம்பிராணிப் புகை ஆகிய எதுவும் வேண்டாம் என்று மாமியாரிடம் நீங்களே பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 34 வாரங்களுக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, வீடு திரும்பிவிட்டாலும், பிறந்து நான்கு வாரங்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். தவறவிட்டால் பார்வையே போகக்கூடும். தடுப்பூசிகளைப் பிறந்த தேதியைக் கொண்டே கணக்கிடுவார்கள். ஆனால் கவிழ்வது, உட்காருவது, நடப்பது ஆகியவற்றை, இரண்டு வயது வரை, பிரசவத்துக்கு முதலில் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள்.