ஓடிக்கொண்டிருக்கும் வர்ச்சுவல் மெஷினில் டிஸ்க்கைப் பெரிதாக்குவது

20 ஜிபி கொடுத்த வர்ச்சுவல் மெஷின் நிரம்பிவிட்டது, நிறுத்தவும் வழியில்லை. கேவிஎம்மில் (லினக்ஸில் வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வசதி) இது சின்ன வேலைதான். ஆனால் டிஸ்க், அதில் பிரித்த பகுதியான பார்ட்டிஷன், அதற்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் மூன்றையும் தனித்தனியாக நீட்ட வேண்டும். காம்பவுண்டு சுவரைத் தள்ளிக் கட்டினால் மட்டும் வீட்டுக்குள் அறை பெரிதாகிவிடாது.

முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு ஹோஸ்டில் (வர்ச்சுவல் மெஷினை ஓட்டும் நிஜ கணினியில்) 'விர்ஷ் பிளாக்ரிசைஸ்' அடித்து, மெஷின் பெயர், டிஸ்க்கின் பெயர் (பெரும்பாலும் வீடிஏ), 40ஜி என்று வரிசையாகக் கொடுங்கள். இது மொத்த அளவு. 20 கூட்டுவதாக நினைத்து 20ஜி என்று அடித்தால் ஒன்றும் கூடாது. 'ஜி'யை விட்டுவிட்டால் கிபிபைட்டாக எடுத்துக்கொள்ளும். என்டரைத் தட்டும்முன் ஒருமுறை பாருங்கள். 'கியூஎமு-ஐஎம்ஜி ரிசைஸ்' என்றும் ஒன்று உண்டு. அது மெஷின் அணைந்திருக்கும்போது மட்டும்.

சரி, இனி மெஷினுக்குள். 'எல்எஸ்பிஎல்கே' அடித்தால் டிஸ்க்கான வீடிஏ 40 என்றும் அதன் முதல் பார்ட்டிஷனான வீடிஏ1 இன்னும் 20 என்றும் காட்டும். இப்போது பார்ட்டிஷனை நீட்ட 'சூடோ குரோபார்ட் /டெவ்/வீடிஏ 1'. வீடிஏவுக்கும் 1-க்கும் நடுவே இடைவெளி கட்டாயம். கமாண்ட் இல்லையென்றால் உபுண்டுவில் கிளவுட்-கெஸ்ட்-யூட்டில்ஸ் பேக்கேஜை நிறுவுங்கள். '-என்' (பெரிய எழுத்து) சேர்த்தால் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். நான் எப்போதும் அதைத்தான் முதலில் ஓட்டுவேன்.

இங்கே இரண்டு சிக்கல் வரலாம். ஒன்று, ரூட் (சிஸ்டம் இருக்கும்) பார்ட்டிஷனுக்குப் பின்னால் ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும்) பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் நீட்ட இடம் இருக்காது. ஸ்வாப்பை அணைத்து நீக்கிவிட்டுத்தான் தொடர முடியும். நீக்கியதும் எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எதை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) அதன் வரியையும் எடுத்துவிடுங்கள். இன்னொன்றில் நானே ஒரு ராத்திரி முழித்திருக்கிறேன்: டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் குரோபார்ட்டே ஓடாது, அதற்கும் டெம்ப்பில் (தற்காலிகக் கோப்புகளுக்கான ஃபோல்டர்) கொஞ்சம் இடம் வேண்டும். 'ஆப்ட் கிளீன்' அடித்தால் அந்தக் கொஞ்சம் கிடைத்துவிடும். அதுவும் போதவில்லையென்றால் டெம்ப்பின் மேல் ரேமில் இயங்கும் டெம்ப்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்யலாம்.

கடைசி அடுக்கு ஃபைல் சிஸ்டம். இஎக்ஸ்டி4 என்றால் 'ரிசைஸ்2எஃப்எஸ் /டெவ்/வீடிஏ1'. எக்ஸ்எஃப்எஸ் என்றால் 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் /'. இதற்கு மவுண்ட் ஆன இடத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டுமே ஓட்டத்திலேயே நீளும். 'டிஎஃப் -எச்' அடித்தால் புதிய அளவு தெரியும்.

எல்விஎம் (பார்ட்டிஷனுக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவே இடத்தைப் பங்கிடும் அடுக்கு) இருந்தால் குரோபார்ட்டுக்குப் பிறகு 'பிவிரிசைஸ்', அப்புறம் 'எல்விஎக்ஸ்டெண்ட்'. அதோடு '-ஆர்' (சிறிய எழுத்து) சேர்த்தால் ஃபைல் சிஸ்டத்தையும் அதுவே நீட்டிவிடும்.