கனவுப் படத்தில் வரலாறு தேடினால்

கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நாலு பேர் சேர்ந்து மாடியில் புரொஜக்டர் வைத்து ‘ஃபர்’ (2006) என்ற ஆங்கிலப் படத்தைப் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஃபர் என்றால் ரோமம். அறிவிப்பில் ‘புகைப்படக் கலைஞர் டியான் ஆர்பஸின் வாழ்க்கை வரலாறு’ என்று போட்டுவிட வேண்டாம். வரலாறு அல்ல என்று படமே தொடக்கத்தில் எழுதிக் காட்டுகிறது. உடம்பெல்லாம் ரோமம் வளர்ந்த மாடிவீட்டுக்காரர் லயனல் முழுக் கற்பனை. ஆர்பஸின் பெற்றோருக்கு நியூயார்க்கில் ரோம ஆடைக் கடை இருந்ததும், கணவர் ஆலனோடு சேர்ந்து அவர் ஃபேஷன் படங்கள் எடுத்ததும் நிஜம். கடையில் தொங்கிய ரோமம்தான் கனவில் ஒரு மனிதர் மேல் முளைத்திருக்கிறது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படத்தில் ஆர்பஸுக்கு லயனல் மேல் காதல் வருகிறது. ‘அந்தக் காதல்தான் அவரைக் கலைஞராக்கியது’ என்று பேசிக்கொண்டே படியிறங்குவது இன்னும் பெரிய தவறு. படத்தின் மேல் எனக்குள்ள வருத்தமும் அதுதான். ஆர்பஸுக்கு வழிகாட்டியவர் ஆசிரியை லிசெட் மாடல். 35 எம்.எம். கேமராவை விட்டுச் சதுரப் படம் தரும் கேமராவுக்கு மாறியது, ஆட்களிடம் பேசிப் பழகித் திரும்பத் திரும்பப் போனது என்று வருஷக்கணக்கான உழைப்பு அது. பெற்றோர் அண்ணாந்து பார்க்க, கூரை முட்ட நிற்கும், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ராட்சத மனிதரை 1970-இல் எடுத்தார். அவரோடு பழக்கம் அதற்குப் பல வருஷம் முந்தையது.

ஆர்பஸ் எடுத்த ஒரு புகைப்படம்கூடப் படத்தில் வராது. அதனால் திரையிடும் முன்பே அவர் எடுத்த இரட்டைச் சிறுமிகள் படத்தையாவது காட்டிவிடுங்கள்.

நம் பக்கம் இப்படியொரு குறும்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு லினேயஸ் ட்ரைப் இருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி, புகைப்படக்காரர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். ராத்திரியில் அந்த எழுத்துகள் கல்லைவிட்டு ஊர்ந்து அவர் கேமராப் பெட்டிக்குள் ஏறட்டும். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் செய்த வேலையிலிருந்து முளைத்த கனவு அது. மேல வீதியில் அவருக்கு ஒரு ரகசியக் காதலியை வைத்து, அவளுக்காகத்தான் எடுத்தார் என்றால் வெறும் புளுகு.

உள்ளூர் ஸ்டுடியோக்காரரின் கதை என்றால் முதலில் குடும்பத்தாரிடம் கேளுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்க முடியாது. பின்னணித் திரையில் வரைந்திருக்கும் மாடிப்படியைக் காட்டினாலே, எந்தக் கடை என்று மாயவரத்தில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள்.