ஒரே மரத்துக் கொட்டை ஏன் வேறு மரமாகிறது: நாடா வெட்டிக் காட்டும் முறை

சந்தூரில் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டிப் பிழைக்கிற எனக்கு, வீட்டுப் பின்கட்டில் நிற்கும் மாமரம்தான் தீராத அவமானம். நல்ல மல்கோவாக் கொட்டையை ஆசைப்பட்டு ஊன்றினேன். எட்டு வருடம் கழித்துக் காய்த்தது. அத்தனையும் நாரும் புளிப்பும். "குன்றல் பகுப்பு புரியவில்லை அப்பா" என்று மகள் வந்தபோது (முட்டையும் மகரந்தமும் உண்டாகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பகுப்பு அது) அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

ஒட்டுக் கட்டும் பாலித்தீன் நாடாவில் சிவப்பு 20, வெள்ளை 20 வெட்டிக்கொள்ளுங்கள். 20 வேறு நீளங்கள். ஒவ்வொரு நீளத்திலும் இரு நிறமும் ஒவ்வொன்று. மாவின் செல்லில் மரபணுவைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம் 40, அதாவது 20 ஜோடி. சிவப்பு, அந்த மரத்துக்கு அதன் தாய் கொடுத்தது. வெள்ளை, தகப்பன் கொடுத்தது. (பகுப்புக்கு முன் ஒவ்வொன்றும் இரட்டிக்கும். நாடாவில் அதைக் காட்டப்போனால் சிக்கு விழும், விட்டுவிடுங்கள்.)

ஜோடியை ஒட்டினாற்போல் வைத்து, இரண்டையும் ஒரே இடத்தில் ஒட்டுக்கத்தியால் வெட்டி, நுனிகளை மாற்றி ஒட்டுங்கள். இதுதான் குறுக்கேற்றம். வெட்டும் இடம் ஜோடிக்கு ஜோடி மாறட்டும். மகள் ஒரு ஜோடியை ஏற்ற இறக்கமாக வெட்டியதில் ஒன்று குட்டையாகவும் மற்றது நெட்டையாகவும் போனது. அப்படிப் பிசகினால் ஒன்றில் மரபணு குறையும், மற்றதில் கூடும். திரும்ப வெட்டச் சொன்னேன்.

இனி ஜோடிக்கு ஒருமுறை காசு சுண்டுங்கள். தலை விழுந்தால் அடி சிவப்பாக உள்ள நாடாவை எடுங்கள், பூ விழுந்தால் அடி வெள்ளையாக உள்ளதை. கையில் சேரும் 20 நாடாதான் ஒரு முட்டைச் செல். காசு மட்டும் சுண்டினாலே 10,48,576 விதம் வரும். மகரந்தத்திலும் அத்தனை விதம். இரண்டும் கூடினால் ஒரு லட்சம் கோடிக்கு மேல். நீலம், தசேரி என்ற அதே இரண்டு மா ரகங்கள் கலந்து பிறந்தவைதான் மல்லிகாவும் ஆம்ரபாலியும். மல்லிகாவின் பழம் பெரிது. ஆம்ரபாலி குட்டை மரம், பழமும் சிறிது.

ஒட்டுச்செடிக்குக் காசு சுண்டும் வேலை இல்லை. தாய்மரத்துக் குச்சி சாதாரணப் பகுப்பில் வளர்வதால் 40 நாடாவும் அப்படியே இருக்கும்.

ஒலூர் என்ற மா ரகத்தின் கொட்டையை இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள். ஒரே கொட்டையில் பல முளை வரும். பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே கிளம்புவதால் தாயைப் போலவே இருக்கும். மல்கோவா அந்த ரகமில்லை. பின்கட்டு மரத்தை இந்த வருடம் மட்டமாக வெட்டப்போகிறேன்; தளிர் வந்ததும் மல்கோவாக் குச்சி கட்டவேண்டும்.